கிண்ணக் காளானும் நுண்ணோக்கியும்

முன்னுரை

மழை பெய்து ஓய்ந்த சில நாள்களில் மட்கிய சுள்ளியிலும், ஈரமண்ணிலும், கால்நடைச் சாணத்திலும் கிண்ண வடிவுடைய சிற்றுயிர்கள் தோன்றுதலைக் காணலாம். அவற்றுட் பெரியன இரண்டு மூன்று விரல் அகலம் இருக்கும். சிறியன கடுகினும் சிறியவாய்க் கண்ணுக்குப் புள்ளியெனவே தோன்றும். இவை காளான் இனத்தைச் சார்ந்தவை. குடைக்காளான் தன் வித்துகளைக் குடையின் அடிப்புறத்தே கொண்டிருக்கும். இவையோ கிண்ணத்தின் உட்புறத்தே கொண்டிருக்கும். ஆதலின் இவற்றைக் கிண்ணக் காளான் என வழங்குதல் பொருந்தும்.

இச்சிறு கிண்ணங்களை இன்னது இன்னதென வேறுபடுத்திப் பெயரிடும் முறை எவ்வாறு வளர்ந்தது என்பதை வரலாற்று நிரலில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாராய்ச்சி இதழில் இப்பொருளுக்கு இடம் யாது எனச் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை இரண்டு உள. காளானைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் சங்கப் பாடல்களில் பயில்கின்றது. அச்சொல் எவ்வகைக் காளானைக் குறித்தது என்னும் வினாவிற்கு விடை காண முயல்வோர் காளானை அறியும் முறையையும் அறிதல் வேண்டும். இஃது ஒன்று. கலைச்சொல் ஆக்கம் தமிழ்த்துறையினர் கடமைகளுள் ஒன்று. ஒரு பொருள் அறியப்பட்ட வரலாற்றை அறியாது அதற்குச் சொல் ஆக்குவோர் பெரும்பாலும் பிழைபடுவர். இது மற்றொன்று.

கட்டுரையுள் ஸ்போர் என்பதனை 'வித்தி' என்று குறித்துள்ளேன். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நெடுங்காலமாக ஆண்டுவரும் சொல் அது. விதையினின்று வேறுபடுத்தி உணர்த்த உதவுவது.

சங்கப் பாடல்களில் ஆம்பி

காளானைக் குறிக்கும் தொன்மையான சொல் ஆம்பி என்பது. புறநானூற்று 164-ஆம் பாட்டில் இச்சொல் வருகின்றது. தம்பியால் நாடு கொள்ளப்பட்டுக் காட்டில் தங்கியிருந்த குமணனைக் கண்டு பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாட்டு அது. சமைத்தலையே மறந்துபோன அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடந்தமை கூறித் தம் மனையின் வறுமையைப் புலவர் உணர்த்துகின்றார். குமணனுக்குரிய முதிரமலை இன்றைய திருப்பூர் மாவட்டத்து உடுமலைப் பகுதியைச் சார்ந்ததென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அக்கருத்து ஏற்புடைத்தாயின், ஆம்பியைப் பாடிய பழம்பாட்டு ஒன்று பனியன் தொழிலால் இன்று பெயர் பெற்ற இம்மாவட்டத்தின் தென்கோடி மலைகளோடு தொடர்புடையதாகின்றது.

சிறுபாணாற்றுப்படையிலும் இத்தகைய காட்சி உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாணனது வறிய அட்டிலைப் புனையுமிடத்து, கரையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளாம்பி பூத்திருந்ததாகக் கூறுகின்றார். அஃது உள்ளே துளையுடையது என்னும் அடையும் அங்கே காணப்படுகின்றது.

இவ்விரு சான்றுகளாலும் பெறப்படுவன இரண்டு. முதலாவது, புலவர் இருவரும் ஆம்பி 'முளைத்தது' என்னாது 'பூத்தது' என்றே கூறுகின்றனர். இவ்வழக்கு இன்றும் மறையவில்லை. ஈரம் உலராத துணியிலும் பழைய சோற்றிலும் படர்வதனைப் 'பூசணம் பூத்தது' என்றே கொங்குநாட்டு மக்கள் கூறுகின்றனர். அறிவியல் நோக்கிலும் இவ்வினைச்சொல் மிகப் பொருத்தமானது. காளானின் உடல் மண்ணுள்ளும் மரத்துள்ளும் நுண்ணிழைகளாகப் பரந்து கிடப்பது. நாம் வெளியே காணும் குடையும் கிண்ணமும் அவ்வுடல் இனம் பெருக்குதற்கு வெளிப்படுத்தும் உறுப்புகளே. செடிக்குப் பூ எவ்வாறோ அவ்வாறு.

இரண்டாவது, இப்பாடல்களைக் கொண்டு காளானின் இனத்தை உறுதி செய்தல் இயலாது. எரிந்த நிலத்திலும் சாம்பலிலும் விரும்பித் தோன்றும் கிண்ணக் காளான்கள் உள. பைரோனீமா, ஜியோபிக்சிஸ் என்பன அத்தகையன. எனவே, சாத்தனார் கண்ட அடுப்பின் ஆம்பியும் கிண்ண வகையினதே எனக் கூற மனம் அவாவும். ஆயின் அங்ஙனம் கூறுதல் பாட்டில் இல்லாத சான்றைப் பாட்டின்மேல் ஏற்றுவதாகும். புலவர்க்கு வேண்டியது வறுமையின் அடையாளம். காளானின் இனத்தை உணர்த்தும் உறுப்புகளோ புலவரது கண்ணுக்கு மட்டுமன்றி எவர் கண்ணுக்கும் புலப்படாதவை. அவை புலனானது கடந்த முந்நூறு ஆண்டுகளில்தான்.

கண்ணளவில் நின்ற வகைப்பாடு

1729-ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டு பிளாரன்சு நகரத்து அறிஞர் மிக்கேலி, செடிவகைகள் பற்றிய தம் நூலில் காளான்களுக்கு வித்திகள் உண்டென எடுத்துக்காட்டினார். அறுத்த பழத் துண்டுகளின்மேல் வித்திகளை இட்டு, அவற்றினின்று அவ்வப் பூஞ்சைகளே வளர்தலையும் கண்டார். காளான் அழுகலினின்று தானே தோன்றுவது என்னும் பழங்கருத்து இதனால் தளர்ந்தது.

அந்நூற்றாண்டின் இறுதியில், பாசங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற செருமானிய அறிஞர் ஹெட்விக், கிண்ணக் காளானின் உட்புறத்தை நுண்ணோக்கியால் நோக்கினார். நீண்ட பைகள் நிரல்பட நிற்பதையும், ஒவ்வொரு பையினுள்ளும் எட்டு வித்திகள் இருப்பதையும் கண்டார். அவர் 1789-ஆம் ஆண்டில் ஒரு பேரினத்திற்கு இட்ட 'ஆக்டோஸ்போரா' என்னும் பெயர் 'எட்டு வித்தியுடையது' எனப் பொருள்படும். உள்ளுறுப்பின் எண்ணிக்கையே பெயராக அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும் அவ்வழியைப் பின்வந்தோர் உடனே மேற்கொண்டாரல்லர். 1801-ஆம் ஆண்டில் பெர்சூனும், 1821 முதல் 1832 வரை சுவீடன் நாட்டு பிரீசும் இயற்றிய பெருநூல்கள் காளானியலுக்கு அடிப்படையாயின. அவற்றில் நிறம், வடிவம், மயிர் உண்மை இன்மை, வளரும் இடம் ஆகியனவே வகைப்பாட்டிற்குத் துணையாயின. அக்காலத்தில் 'பெசைசா' என்னும் ஒரு பெயரின்கீழ், ஒன்றோடொன்று உறவில்லாத எண்ணிறந்த கிண்ணங்கள் அடங்கின. கிண்ணமாக இருத்தல் ஒன்றே அவற்றிற்குப் பொதுவாய் இருந்தது. 1837-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லெவெயே, குடைக்காளானின் வித்திகள் காம்புகளின் நுனியில் வெளிப்புறத்தே தோன்றுவன என்றும், கிண்ணக் காளானின் வித்திகள் பைக்குள்ளே தோன்றுவன என்றும் தெளிவுறுத்தினார். இதன் பின்னரே இருபெரும் பிரிவுகளின் எல்லை நிலைபெற்றது.

இந்நிலையைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வடிவால் வேறுபடா. காலும் ரகரமும் ஒரே வடிவின. சுவடியைப் பார்த்த அளவில் ஒன்றாகத் தோன்றும் இரு சொற்களைப் பதிப்பாசிரியர் இடமும் யாப்பும் நோக்கியே பிரித்தறிதல் வேண்டும். கிண்ணத்தின் புறவடிவம் புள்ளியிடாத அவ்வெழுத்தைப் போன்றது. நுண்ணுறுப்பே அதற்குரிய புள்ளி.

மூடியும் துளையும்

பிரான்சு நாட்டு பிரெஸ்து நகரில் மருந்து வணிகராய் இருந்த குரூவான் உடன்பிறப்பாளர் இருவர், சாணத்தில் தோன்றும் அஸ்கோபோலஸ் என்னும் சிறு கிண்ணங்களை ஆராய்ந்து 1857-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வித்துப்பை முதிர்ந்து வித்திகளை எறியும்போது அதன் நுனியில் வட்டமான ஒரு சிறு மூடி திறந்துகொள்வதை அவர்கள் அதில் விளக்கினர். பையின் நுனி குடத்தின் மூடிபோல் திறக்கும் என்பது அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயின் கிண்ணக் காளானியலின் போக்கை மாற்றியது இச்செய்தியே.

எமில் பூதியே என்பாரும் மருந்து வணிகரே. பிரெஞ்சுக் காளானியற் கழகம் தோன்றிய மறு ஆண்டாகிய 1885-இல் அவர் புதியதொரு வகைப்பாட்டை வெளியிட்டார். கிண்ணக் காளான்கள் அனைத்தையும் வித்துப்பை மூடியால் திறப்பன என்றும், நுனித் துளையால் திறப்பன என்றும் அவர் இரண்டாகப் பகுத்தார். பெரிய கிண்ணங்களிற் பல முதற்பிரிவில் அடங்கின. மரச்சுள்ளியிலும் இலைச்சருகிலும் தோன்றும் மிகச்சிறு கிண்ணங்களிற் பெரும்பாலன இரண்டாம் பிரிவில் அடங்கின. நிறமும் அளவும் ஒத்த இரு கிண்ணங்கள் இருவேறு பிரிவினவாதலும், தோற்றத்தால் மாறுபட்டன ஒரே பிரிவினவாதலும் இதனால் விளங்கின. நூறாண்டு கழித்து வந்த மரபணு ஆராய்ச்சியும் மூடியுடைய பிரிவு பெரும்பாலும் ஒரே கால்வழியினதென உறுதிப்படுத்தியது. துளையுடைய பிரிவோ பல கால்வழிகளின் தொகுதி எனத் தெரியவந்தது.

குரூவான் உடன்பிறப்பாளர் கண்ட பொருளைக் காணக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்கள் உள. அவற்றைக் கொறங்காடு என்பர். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிறைந்த அந்நிலங்களில்தான் காங்கேயம் மாடுகள் மேய்கின்றன. ஐப்பசி மழைக்குப் பின்னர் அத்தகைய கொறங்காடு ஒன்றிலிருந்து எடுத்த சாணத்தை, ஈரத்தாள் இட்ட கண்ணாடிக் கலத்தில் மூடி வைத்து நாள்தோறும் நோக்கினேன். தாவரவியல் துறை நண்பர் ஒருவர் துணைபுரிந்தார். இரண்டாம் வாரத்தில் மஞ்சளும் வெண்மையுமான சிறு கிண்ணங்கள் தோன்றின. தமிழாசிரியனாகிய யான் அவை அனைத்தையும் ஓரினம் என்றே கொண்டேன்; இளையன வெண்மையாகவும் முதிர்ந்தன மஞ்சளாகவும் உள்ளன எனக் காரணமும் கற்பித்துக்கொண்டேன். நண்பர் அவற்றின் சிறுகூறுகளை நீரில் இட்டு நுண்ணோக்கியின்கீழ் வைத்தபோது என் முடிபு முற்றும் தவறெனத் தெரிந்தது.

சாணத்துக் கிண்ணங்களின் வேறுபாடுகள் எவை என்பதை ஈண்டுத் தொகுத்துரைத்தல் தகும். அஸ்கோபோலசின் வித்துப்பைகள் முதிருங்கால் கிண்ணத்தின் மேல்தளத்தினின்று எழுந்து ஒளி வரும் திசை நோக்கி வளையும். வித்திகள் ஊதா நிறம் பெற்றுப் பின்னர்ப் பழுப்பாகும். அவற்றின் மேல் கீறல்கள் ஓடும். இவ்வினத்துள் ஒன்றன் வித்தி ஏறத்தாழ 20 முதல் 28 மைக்ரோமீட்டர் நீளமும், மற்றொன்றன் வித்தி 45 முதல் 75 மைக்ரோமீட்டர் நீளமும் உடையன. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சக்கோபோலஸ் என்பதில் வித்திகள் எட்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு பொதியாகவே எறியப்படும். லாசியோபோலசின் கிண்ணத்தில் கூரிய விறைத்த மயிர்கள் நிற்கும். அயோடோபானஸ் என்பதன் வித்துப்பை அயோடின் பட்டால் நீலமாகும். கோப்ரோட்டஸ் என்பதில் அம்மாற்றம் இராது. ஒரு பிடிச் சாணத்தில் இத்துணை வேறுபாடுகள் இருக்கக்கூடும். வான் புரூம்மெலன் 1967-ஆம் ஆண்டில் அஸ்கோபோலஸ், சக்கோபோலஸ் என்னும் இரு பேரினங்களுக்கு மட்டும் உலகளாவிய பெருநூல் ஒன்று இயற்றியமை இப்பொருளின் விரிவைக் காட்டும்.

இக்காளான்களின் வாழ்க்கை மேய்ச்சலோடு பிணைந்தது. எறியப்பட்ட வித்தி புல்லின்மேல் ஒட்டும்; புல்லை மேய்ந்த மாட்டின் வயிற்றுட் சென்று, அவ்வெப்பத்தாலும் செரிமான நீராலும் முளைக்கும் திறம் பெறும்; மீண்டும் சாணத்தில் கிண்ணமாகும். ஆகவே மேய்ச்சல் நிலம் அழியுமிடத்து அழிவது புல்லும் மாடும் மட்டும் அல்ல என்பது தெளிவு.

அயோடினும் உயிருள்ள அணுக்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பின்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த நைலாண்டர் என்பார் கற்பாசிகளை வேதிப்பொருள் கொண்டு பிரித்தறியும் முறையை வளர்த்தார். கற்பாசி என்பதும் கிண்ணக் காளானுக்கு அயலானதன்று. அது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் ஓர் உயிர்க்கூட்டு என்பதை 1867-ஆம் ஆண்டில் சுவெண்டனர் அறிவித்தார். அக்கூட்டில் உள்ள பூஞ்சைகளிற் பெரும்பாலன கிண்ணத்திலேயே வித்திகளை ஈனுவன. நம் அட்டிலில் மசாலைப் பொருளாகப் பயன்படும் கல்பாசியும் இவ்வினத்தது. பாசி எனப் பெயர் பெற்ற அப்பொருளின் உடல் பெரும்பகுதி பூஞ்சையே. கண்ணளவில் இட்ட பெயருக்கு இதுவும் ஒரு சான்று.

அயோடின் மாப்பொருளை நீலமாக்கும் என்பது யாவரும் அறிந்தது. வித்துப்பையின் நுனியும் சிலவற்றில் அவ்வாறே நீலமாகின்றது. பெசைசாவில் நுனிப்பகுதி முழுதும் நீலமாகும். துளையால் திறக்கும் சிறு கிண்ணங்கள் பலவற்றில் துளையைச் சூழ்ந்த சிறு வளையம் மட்டும் நீலமாகும். ஏனையவற்றில் மாற்றமே இராது. செக்கோஸ்லோவாக்கிய அறிஞர் மெல்சர் 1924-ஆம் ஆண்டில் அயோடினோடு குளோரல் ஹைட்ரேட்டைச் சேர்த்து ஒரு கரைசலைப் பயன்படுத்தினார். குடைக்காளானின் வித்திகளுக்காக அவர் ஆக்கிய அக்கரைசலைக் கிண்ணக் காளானியலாரும் மேற்கொண்டனர்.

இங்கே ஒரு வழு நேர்ந்தது. சில வித்துப்பைகள் வெறும் அயோடின் கரைசலில் செந்நிறமும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்த பின்னர் நீலநிறமும் கொள்வன. மெல்சர் கரைசல் அச்செந்நிறத்தை மறைத்துவிடும். ஆகவே நிறமாற்றம் உடையன பல, 'மாற்றம் இல்லாதன' என்றே நூல்களில் பதிவாயின. செருமானிய அறிஞர் பாரால் 1987-ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். 1992-ஆம் ஆண்டில் அவர் மேலும் ஒரு கருத்தை வலியுறுத்தினார். உலர்ந்த படிமத்தில் அணுக்கள் இறந்து சுருங்குகின்றன. எண்ணெய்த் துளிகளும் நீர்க்குமிழிகளும் உருமாறுகின்றன. ஆதலின் கிண்ணத்தை உயிரோடு இருக்கும்போதே நீரில் இட்டு நோக்குதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. உருப்பெருக்கியின் ஆற்றல் மட்டும் போதாது. எந்நிலையில் நோக்கினோம் என்பதும் முடிபை மாற்றும் என்பது இதனால் பெறப்படும்.

அறியும் முறையின் நிரல்

மேற்கூறிய வரலாற்றின் பயனாக இக்காலத்தில் ஒரு நிரல் அமைந்துள்ளது. கிண்ணம் எடுக்கப்பட்ட இடம், நாள், அது நின்ற பொருள் ஆகியன முதற்கண் குறிக்கப்படும். பின்னர்ச் சவரத் தகட்டால் மெல்லிய சீவல் எடுத்து நீரில் இடுவர். வித்துப்பையின் நீள அகலம், வித்திகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு வித்தியின் அளவு, வடிவம், குறுக்குச்சுவர், எண்ணெய்த் துளி, மேற்புற அணி ஆகியன நோக்கப்படும். ஒரு வித்தியை அளத்தல் போதாது. பல வித்திகளை அளந்து சிறுமையும் பெருமையும் குறித்தல் வேண்டும். பைகளுக்கு இடையே நிற்கும் இடையிழைகளின் நுனி நேரானதோ, வளைந்ததோ, தடித்ததோ என்பதும், கிண்ணச் சுவரின் அணுக்கள் உருண்டையோ, கோணமோ, நீண்டனவோ, பின்னியனவோ என்பதும் அடுத்து வரும். அயோடினும் சாயமும் இறுதியில் இடப்படும். அவை அணுவைக் கொல்வன. முதலில் இட்டால் உயிர்நிலையின் அடையாளங்கள் மறைந்துவிடும். நிரலின் ஒழுங்கே இம்முறையின் உயிர் எனலாம்.

சாயத் தொட்டியும் ஆய்வுக்கூடமும்

திருப்பூரில் வாழ்வோர்க்குச் சாயம் என்பது அன்றாடச் சொல். நுண்ணோக்கியின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. 1856-ஆம் ஆண்டில் பெர்கின் என்பார் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தபின், துணிக்கென ஆக்கப்பட்ட சாயங்கள் பலவற்றை உயிரியலார் அணுக்களுக்கும் இட்டு நோக்கினர். பூஞ்சையியலார் இன்றும் பெரிதும் பயன்படுத்தும் சாயம் ஒன்றன் பெயரே 'பருத்தி நீலம்' எனப் பொருள்படும் காட்டன் புளூ. வித்தியின் மேலுள்ள நுண்ணிய மேடுகளையும் வலைகளையும் அது தெளிவாகக் காட்டும். பிரான்சு நாட்டு மார்செல் லெ கால் என்னும் அம்மையார், மூடியுடைய கிண்ணக் காளான்களின் வித்தி அணிகளை இச்சாயத்தின் துணையால் ஆராய்ந்து 1947-ஆம் ஆண்டில் விரிவான நூல் வெளியிட்டார்.

காங்கோ சிவப்பு என்பதும் அத்தகையதே. நிறம் பிணிக்கும் காரப்பொருள் இன்றியே பருத்தியில் பற்றும் சாயமாக 1880-களில் அது தோன்றியது. பென்சிடின் அடிப்படையினதாகிய அச்சாயம் உடல்நலம் கருதித் துணித்தொழிலினின்று விலக்கப்பட்டது. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையின் அணுச்சுவரைக் காட்டும் பணியில் நிலைத்துள்ளது. பருத்தியில் பற்றிய சாயம் பூஞ்சையிலும் பற்றுதல் தற்செயலன்று. பருத்தி இழை செல்லுலோசு என்னும் நீண்ட தொடர்மூலக்கூறால் ஆயது. பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டினும் குளுக்கானும் அதனை ஒத்த தொடர்களே. ஒத்த கட்டமைப்பு ஒத்த சாயத்தை ஏற்கின்றது.

நுண்ணோக்கியின் எல்லை

நுண்ணோக்கி காட்டுவன யாவும் முடிந்த முடிபு எனக் கொள்ளுதலும் பிழையே. இதற்குச் சான்று பருத்தியோடு தொடர்புடைய பூஞ்சை ஒன்றன் வரலாறு. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் விரைந்து மட்கின. அவற்றினின்று பிரித்தெடுத்த பூஞ்சையை, அதன் வித்தி அமைப்பை நோக்கி டிரைக்கோடெர்மா விரிடி என்றனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பெயரே வழங்கியது. 1977-ஆம் ஆண்டில் சிம்மன்ஸ் அதனை வேற்றினமெனக் காட்டி, அதனை ஆராய்ந்த ரீஸ் என்பாரின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசியை என வழங்கினார். 1996-ஆம் ஆண்டில் மரபணு ஆராய்ச்சி, ஹைப்போகிரியா ஜெகோரினா என வேறு பெயரால் அறியப்பட்டிருந்த பைப்பூஞ்சையே அது என நிறுவியது. இப்பூஞ்சையினின்று பெறப்படும் செல்லுலேசு நொதி, பின்னல் துணியின் மேலெழும் மெல்லிழைகளை நீக்கி மெருகேற்ற இன்று பயன்படுகின்றது. திருப்பூர்ச் சலவைப் பட்டறைகளில் 'பயோ வாஷ்' என வழங்கும் முறை இத்தகைய நொதியால் நிகழ்வதே. பருத்தியை அழித்த பூஞ்சை பருத்தியைச் செப்பம் செய்யும் பணியில் அமைந்தது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. ஆர்பிலியா என்பன ஒரு மில்லிமீட்டர் அளவினவாய், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு கிண்ணங்கள். இவற்றுட் பலவற்றின் இழைகள் நுண்புழுக்களைக் கண்ணியிட்டுப் பிடிக்கும் இயல்பின. உயிருள்ள அணுக்களில் மட்டும் தோன்றும் சில நுண்கூறுகளால் இவை தனித்து நிற்பன. மரபணு ஆராய்ச்சி அத்தனிமையை உறுதி செய்ய, 2003-ஆம் ஆண்டில் இவற்றிற்குத் தனி வகுப்பே வகுக்கப்பட்டது. ஆகவே நுண்ணோக்கியும் மரபணுவும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒன்றன் முடிபை மற்றொன்று தேர்ந்து காண்பது.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

இந்தியப் பூஞ்சையியலுக்கு அடிகோலியவர் பட்லர். பூசாவில் அரசுப் பூஞ்சையியலாராய் விளங்கிய அவர், 1918-ஆம் ஆண்டில் பயிர்நோய்ப் பூஞ்சைகள் பற்றிய பெருநூலையும், 1931-ஆம் ஆண்டில் பிஸ்பியுடன் சேர்ந்து இந்தியப் பூஞ்சைகளின் பட்டியலையும் வெளியிட்டார். கோயம்புத்தூரில் வேளாண்மைக் கல்லூரி 1906-ஆம் ஆண்டு முதல் இயங்கலாயிற்று. மாநில அரசின் பூஞ்சையியலாராக மக்ரே, சுந்தரராமன், டி. எஸ். இராமகிருஷ்ணன் முதலியோர் அங்கிருந்து பணியாற்றினர். பயிரைக் கெடுக்கும் துருநோயும் கருகலும் வாடலுமே அவர்கள் கருத்தை முதற்கண் ஈர்த்தன. உழவர்க்கு உற்ற இடர் அதுவாதலின் அதில் வியப்பில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி. எஸ். சதாசிவன் 1944-ஆம் ஆண்டில் தலைமையேற்ற பின்னர்ப் பூஞ்சையியல் சிறந்தோங்கியது. அவர்தம் மாணவர் சி. வி. சுப்பிரமணியன், வித்தியின் உருவினும் அது தோன்றும் முறையே வகைப்பாட்டிற்குச் சிறந்த சான்று என வலியுறுத்தினார். 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது 'ஹைபோமைசீட்ஸ்' நூல் உலகப் புகழ் பெற்றது. இந்தியப் பூஞ்சையியற் கழகம் 1973-ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் இதழுக்குக் காளானைக் குறிக்கும் வடசொல்லாகிய 'கவகா' என்பது பெயராயிற்று. கிண்ணக் காளான்களைத் தனியே எடுத்து ஆராயும் பணி வடக்கே பஞ்சாபுப் பல்கலைக்கழகத்தில் கே. எஸ். திண்டும் அவர்தம் மாணவரும் முசூரி மலைகளில் 1950-களில் மேற்கொண்ட ஆராய்ச்சியால் வளர்ந்தது.

கலைச்சொல் பற்றிய சில கருத்துகள்

தமிழில் இத்துறைச் சொற்கள் இன்னும் ஒருநிலைப்படவில்லை. தமிழகத்தில் பூஞ்சை, பூஞ்சணம், பூசணம் என மூன்றும் வழங்குகின்றன; இலங்கையில் பங்கசு என்பர். தமிழகப் பாடநூல்கள் ஆஸ்கஸ், அப்போதீசியம் என ஒலிபெயர்ப்புகளை ஆளுகின்றன. யாவற்றையும் ஒலிபெயர்த்தல் போதும் என்பார் ஒருசாரார். யாவற்றையும் தமிழாக்குதல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். மேற்கண்ட வரலாறு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியைக் காட்டுகின்றது.

இனப்பெயர் உலகப் பொதுவிதியால் இலத்தீன் முறையில் அமைவது. 2013-ஆம் ஆண்டு முதல் ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயரே என்னும் விதியும் நடைமுறையில் உள்ளது. அதனை மொழிபெயர்த்தல் குழப்பத்தையே விளைக்கும், ஒலிபெயர்த்தல் தகும். உறுப்புப் பெயரோ அத்தகையதன்று. உறுப்பைச் சொல்லால் வருணித்தே இனத்தை அறிகின்றோம். வருணனை படிப்போர்க்கு விளங்குதல் வேண்டும். எனவே வித்துக்கிண்ணம், வித்துப்பை, வித்தி, மூடி, நுனித்துளை, இடையிழை, கிண்ணச்சுவர் என்றாற் போலும் சொற்கள் வேண்டும். இவற்றுள் மூடி, துளை என்பன எளிய வழக்குச் சொற்கள். எனினும் பூதியேயின் பெரும் பகுப்பை ஒரு மாணவனுக்கு நொடியில் உணர்த்துவன. நீலமாதலை 'நீலமேற்பு' எனலாம். வினைச்சொல்லுக்குப் புதிது தேட வேண்டுவதில்லை. சங்கச் சான்றோர் ஆண்ட 'பூத்தல்' இன்றும் மக்கள் நாவில் உள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கிண்ணக் காளானின் வரலாறு கண் ஒன்றெனக் கொண்டதை நுண்ணோக்கி பலவெனப் பிரித்த வரலாறு என்பதும், ஒவ்வொரு புதிய சான்றும் முன்னைய முடிபைத் திருத்தியே வந்துள்ளது என்பதும் விளங்கும். பழம்பாட்டில் வரும் ஆம்பிக்கு இன்று நாம் இனப்பெயர் சூட்டுதல் இயலாது. அதன் வித்துப்பையை நோக்கினார் எவரும் இலர். ஆனால் இன்று நம் மண்ணில் பூக்கும் ஆம்பிகளைப் பற்றி வருங்காலத்தார் அவ்வாறு கூறும் நிலை நேராதிருத்தல் வேண்டும்.

கொறங்காடுகள் சுருங்கி வருகின்றன. அமராவதி, திருமூர்த்தி மலைச்சாரல்களோ இன்னும் காட்டை உடையன. இவ்விரு நிலங்களிலும் தோன்றும் சிறு கிண்ணங்களைத் தாவரவியல் மாணவர் படிமம் எடுத்து அளந்து பதிவு செய்தலும், தமிழ் மாணவர் அவ்வருணனைகளைத் திருத்தமான தமிழில் அமைத்தலும் ஒருங்கு நிகழத்தக்க பணி. புதிய இனத்திற்குரிய முறையான விளக்கம் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ அமைதல் வேண்டுமென்பது விதி. அதனோடு தமிழ் விளக்கமும் இருத்தலை விதி எதுவும் தடுப்பதன்று. இடம், நாள், அளவு, நிறமாற்றம் ஆகிய நான்கும் வழுவின்றிக் குறிக்கப்பட்ட பத்துப் பதிவுகள் கிடைப்பினும், அவை இத்துறைத் தமிழுக்கு நல்ல தொடக்கமாகும்.